புகையே வராத அடுப்பு

கார்த்திகை மாதக் குளிரில் மலைக்காடே நடுங்கியது. அங்கே ராஜாவாக இருந்த சிங்கம் ஓர் உத்தரவு போட்டது.

“என் காட்டில் அடுப்பில்லாத வீடே இருக்கக் கூடாது!”

பொறுப்பு நரியிடம் போனது. நரி வீடு வீடாக மண் அடுப்பு கொடுத்தது. பூவாயி என்ற முயலின் வளைக்கும் ஒன்று வந்தது. அவளுடைய குட்டிகள் குளிரில் இருமிக்கொண்டே இருந்தன. அடுப்பைக் கண்டதும் பூவாயிக்கு உயிர் வந்தது போல இருந்தது.

“கரி எங்கே, நரியாரே?”

“என் கிடங்கில் இருக்கிறது. நீ தேடிய தீனியில் பாதியைக் கொடுத்துவிட்டு ஒரு கூடை வாங்கிக்கொள்.”

“பாதியா! பிறகு அடுப்பில் எதை வேகவைப்பேன்? சுள்ளியாவது பொறுக்கிக்கொள்கிறேனே!”

“சுள்ளியைத் தொடாதே! கரி சுடுவதற்காக எல்லாம் என் கிடங்குக்குச் சேர வேண்டியது. அடுப்பு இலவசமாக வந்ததே, அதற்குச் சந்தோஷப்படு!”

பூவாயி ஒரு முறை பாதிக் கிழங்கைக் கொடுத்துக் கரி வாங்கினாள். குட்டிகள் குளிர் காய்ந்தன. ஆனால் பசியில் அழுதன. அதன்பின் அடுப்பு எரியவில்லை. காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று குட்டிகள் அதற்குள்ளேயே சுருண்டு தூங்கின.

சில நாள் கழித்து, சிங்கம் நரியோடு பார்வையிட வந்தது. வளைக்குள் தலையை மட்டும் நுழைத்தது.

“ஆகா! குட்டிகள் அடுப்பை விட்டு நகரவே மாட்டேன் என்கின்றனவே!”

“அதில் நெருப்பே இல்லை, மகாராஜா!” என்றாள் பூவாயி.

நரி முந்திக்கொண்டது. “புகையில்லா அடுப்பு, மகாராஜா! கண் எரியாது, சுவரில் கரி படியாது!”

“அற்புதம்!” என்று சிங்கம் பூரித்தது. “உனக்கு ‘அடுப்புச் செம்மல்’ என்று பட்டம் தருகிறேன்!”

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. சிங்கத்தின் தலை வளைக்குள். உடம்பு முழுதும் வெளியே. பிடரி நனைந்து, பல் கிட்டியது.

“அந்த அற்புத அடுப்பைப் பற்றவை!”

“கரி நரியாரின் கிடங்கில் இருக்கிறது, மகாராஜா. தீனியில் பாதி கொடுத்தால்தான் கிடைக்கும்.”

சிங்கம் தலையை வெளியே இழுத்து, நரியை மேலும் கீழும் பார்த்தது.

“சட்டம் எனக்கும் ஒன்றுதான். என் தீனியில் பாதியை உனக்கே தருகிறேன். ஆனால் இன்றைக்கு நான் இன்னும் எதையும் அடிக்கவில்லையே!”

நரி இரண்டடி பின்னால் நகர்ந்தது. “மகாராஜாவுக்கு எதற்குக் கணக்கு!” என்று கிடங்குக்கு ஓடியது. கூடை கூடையாகக் கரி வந்தது.

பூவாயி குட்டிகளை அடுப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டுப் பற்றவைத்தாள். சிங்கம் மறுபடி தலையை உள்ளே நீட்டிக் குளிர் காய்ந்தது. குட்டிகளும் ஒட்டிக்கொண்டன. பூவாயி கிழங்கை வேகவைத்தாள்.

“மகாராஜா, நீங்கள் போன பிறகு?” என்று மெல்லக் கேட்டாள்.

சிங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. “சுள்ளி இனி எல்லோருக்கும் பொது. கிடங்குக் கதவும் திறந்தே இருக்கட்டும்!” என்றது.

ஏழை தன் வீட்டில் எரிக்க முடிகிற அடுப்பே அடுப்பு. மற்றதெல்லாம் வெறும் மண்.