பாகற்காய்க்கு மூன்று மாலை

மேகங்கள் வீதிவரைக்கும் இறங்கி வந்து, நடந்து போகிறவர்களின் தோளில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன காலம் ஒன்று முன்னே இருந்தது. அந்தக் காலத்தில் ஆற்றங்கரை நாடொன்றை நெடுவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பகல் தூக்கத்தில் எதைக் கண்டாலும், அதை நடத்திப் பார்த்தே தீருவார்.

ஒருநாள் கனவில் ஆறு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. "வா, நான் முடிகிற இடத்தைக் காட்டுகிறேன்" என்றது. கண் விழித்ததும் படகைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். போய்வர ஒரு வருஷம் ஆகும். அதுவரை நாட்டை யார் பார்த்துக்கொள்வது?

"குடிமக்களே ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும்" என்றார் அரசர்.

இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் மந்திரி மழவராயர். இன்னொருத்தி மருத்துவச்சி நங்கை. விஷக்காய்ச்சல் வந்த வருஷம் ஆற்றோர ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கஷாயம் கொடுத்தவள்.

அந்த நாட்டில் ஐந்து சீமைகள். ஆற்றோரச் சீமைகள் இரண்டிலும் ஜனம் நெருக்கியடித்தது. மலைச் சீமைகள் மூன்றிலும் ஆள் குறைவு. மழவராயருக்கு உறவும் செல்வாக்கும் மலைப்பக்கம்தான். அவர் கைகட்டி நின்று சொன்னார்:

"அரசே, எல்லோரும் ஆளுக்கொரு ஓலை போடட்டும். எந்தச் சீமையில் யாருக்கு அதிக ஓலையோ, அந்தச் சீமையின் மாலை அவருக்கே. ஐந்தில் மூன்று மாலை பெற்றவர் தலைவர். சிறிய சீமைகளையும் யாரும் மறக்க மாட்டார்கள்."

மாலை என்றதும் அரசருக்கு மல்லிகை வாசமே வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சபையில் விகடகவி சேந்தன் இருந்தான். அவனுக்கு நாக்கு சும்மா இருக்காது.

"அரசே, இந்த விதிப்படி நிறையப் பேர் வேண்டுமென்றவர் தோற்று, கொஞ்சப் பேர் வேண்டுமென்றவர் ஜெயிக்கலாம். ஒரு ஓலைகூடத் தப்பாக எண்ண வேண்டியதில்லை."

மழவராயருக்கு நெடுநாள் எரிச்சல். அவர் பேசினால் கொட்டாவி விடுகிற அரசர், சேந்தன் வாயைத் திறந்தாலே சிரித்துவிடுவார். இன்று சரியாக மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார்.

"தாங்கள் ஒப்புக்கொண்ட விதியைப் பித்தலாட்டம் என்கிறான், அரசே! நாளை மதியத்துக்குள் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசரும் முகம் சுளித்தார். "அதிகம் பேர் கேட்டது எப்படியப்பா தோற்கும்? நிரூபித்துக் காட்டு."

"உத்தரவு. அதுவரை அரண்மனைக்குள்ளும் இதே விதி நடக்கட்டும். விதி எதைச் சொல்கிறதோ அதைத் தாங்களும் தட்டக்கூடாது" என்றான் சேந்தன். அரசர் முத்திரை போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை தோட்டம், மல்லர் கூடம், வைத்தியசாலை, அந்தப்புரம், சமையற்கட்டு என்று அரண்மனையின் ஐந்து கூடங்களும் ஐந்து சீமைகளாயின; கூடத்துக்கொரு குடம் வைக்கப்பட்டது. கேள்வி ஒன்றுதான்: அரசரின் மதிய உணவு என்ன, பாயசமா, பாகற்காயா? பாகற்காய் என்ற பேரைக் கேட்டாலே அரசருக்குக் குமட்டும் என்பது ஊரறிந்த சங்கதி.

பனிமூட்டம் விலகாத முற்றத்தில் ஜனங்கள் கையில் ஓலையோடு தூக்கத்தில் நடப்பவர்கள் போல நகர்ந்தார்கள். சேந்தன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்தில் அந்த வருஷம் பாகற்கொடி காய்த்துத் தள்ளியதும், தோட்டக்காரர்கள் அதைத் தீர்க்க வழி தேடுவதும் அவனுக்குத் தெரியும். மல்லர்கள் உடம்புக்கு நல்லதென்று அதைத்தான் தின்பார்கள். வைத்தியசாலைதான் சந்தேகம். வைத்தியர்கள் பாகற்காய் என்பார்கள்; ஆனால் அங்கே மருந்தரைக்கும் பெண்களுக்கு இனிப்பு என்றால் உயிர். வீட்டில் மனைவி துணிமணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

மழவராயரே உட்கார்ந்து ஓலைகளை எண்ணினார். தோட்டக்காரர்களில் பாகற்காய்க்கு ஒன்பது, பாயசத்துக்கு ஏழு. மல்லர் கூடத்தில் பதின்மூன்று, பன்னிரண்டு. வைத்தியசாலைக் குடத்தைக் கவிழ்த்தபோது சேந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாகற்காய் பதினொன்று. பாயசம்... பத்து."

மூன்று மாலைகள் சேர்ந்துவிட்டன. மதியம் அரசரின் தலைவாழை இலையில் பாகற்காய்ப் பொரியல், பாகற்காய்க் குழம்பு, பாகற்காய் வறுவல். வேறெதுவும் இல்லை.

"யார் செய்த வேலை இது?" அரசர் எழுந்தேவிட்டார்.

"தங்கள் அரண்மனையே தேர்ந்தெடுத்தது, அரசே. மூன்று மாலை" என்றான் சேந்தன்.

"என் வீட்டில் இத்தனை பேருக்கா பாகற்காய் பிடிக்கும்?"

"அதை மந்திரியார் சொல்லட்டும். அந்தப்புரத்துக் குடத்தில் என்ன இருந்தது, ஐயா?"

மழவராயர் முனகினார். "அறுபது ஓலை. அத்தனையும் பாயசம்."

"சமையற்கட்டில்?"

"பாயசம் முப்பத்தெட்டு. பாகற்காய் இரண்டு."

"ஆக, பாயசம் கேட்டவர்கள் நூற்றிருபத்தேழு பேர். பாகற்காய் கேட்டவர்கள் முப்பத்தைந்து பேர்" என்றான் சேந்தன். "பாகற்காய் மூன்று கூடங்களில் மயிரிழையில் ஜெயித்தது. பாயசம் இரண்டு கூடங்களில் அள்ளிக்கொண்டு போனது. அள்ளினாலும் கூடத்துக்கு மாலை ஒன்றுதான். எண்ணியவர் மந்திரியார்; தப்பிருக்காது."

அரசர் இலையைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. "விதி உம்முடையது, மழவராயரே. முதல் கவளம் நீர் எடும்!" மழவராயர் மென்று விழுங்கியதைப் பார்த்து அரசர் கண்ணீர் வரச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்: "அப்படியானால் மாலையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

சேந்தன் யோசித்தான். "ஓலையை மட்டும் எண்ணினால் மலையேறி அவர்கள் குறையைக் கேட்க யாருக்குக் கால் வரும், அரசே? மந்திரியார் சொன்னதிலும் நியாயம் உண்டு. எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி. எத்தனை சீமை என்பது வேறொரு கேள்வி. ஒன்றுக்கு வந்த பதிலை இன்னொன்றுக்குப் பதில் என்று சொல்லாமலிருந்தால் போதும்."

அரசர் புது உத்தரவு போட்டார். ஓலையும் மாலையும் ஒருவருக்கே சேர வேண்டும். பிரிந்து நின்றால் இருவரும் மறுபடி ஜனங்களிடம் போய்க் கேட்க வேண்டும். நங்கை முதல்முறையாக மலையேறினாள். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான், அங்கே ஒரு வைத்தியர்கூட இல்லையென்று அவளுக்குத் தெரிந்தது. பத்து நாள் அங்கேயே தங்கினாள். மழவராயரும் ஆற்றோரச் சந்துகளில் செருப்புத் தேய நடந்தார்.

தேர்தல் நாளில் ஓலைகள் நங்கைக்கே அதிகம். மாலைகள் மட்டும் இரண்டுக்கு இரண்டாக நின்றன. கடைசி மலைச்சீமையில் அவளுக்கு ஒரே ஓலை கூடுதல்.

"இன்னொரு தரம் எண்ணு" என்றார் மழவராயர்.

சேந்தன் சத்தமாக எண்ணினான். அதே கணக்குதான். மழவராயர் அந்த மாலையைத் தாமே எடுத்து நங்கையின் கழுத்தில் போட்டார்.

அரசர் வாய்விட்டுச் சிரித்து, தம் கழுத்து முத்தாரத்தைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். "விகடகவியே, என் நாட்டில் மனசு கசக்காமல் தோற்க ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தாய். இது அதற்கு!" என்றவர், அப்படியே படகில் ஏறிக்கொண்டார்.