ஊருணித் தண்டோரா

தண்டோரா போட்டே தேய்ந்துபோனவன் பிச்சாண்டி. உத்தரவு யாருடையதானாலும் ஊர் ஏசுவது அவனைத்தான். அன்றைக்கு ஜமீன்தார் அரண்மனை வாசலில் நின்று சொன்னார்: "ஊருணித் தண்ணி இனி அரண்மனைக்கு. தொட்டவனுக்குச் சவுக்கடி. பொழுது சாயறதுக்குள்ள எல்லாத் தெருவுக்கும் சொல்லிடு."

ஊருக்குக் குடிதண்ணீர் அது ஒன்றுதான். பிச்சாண்டி பெருமூச்சு விட்டு, அங்கேயே தமுக்கைத் தட்டி உத்தரவைச் சொன்னான். எதிரே ஊருணிக்குக் குடத்தோடு வந்த பெண்கள் திகைத்து நின்றார்கள். அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்டா உட்கார்ந்துட்டே?"

"தொண்டை வறண்டுபோச்சு சாமி. இன்னும் ஒரு தடவைக்குத்தான் சத்தம் இருக்கு."

"ஊருணியில அள்ளிக் குடிச்சிட்டுப் போயேன்!"

"சவுக்கடி விழுமே சாமி. தமுக்கடிச்சுச் சொன்னதைத் தமுக்கடிச்சுத்தானே மாத்தணும்?"

வெயில் ஏறியது. பிச்சாண்டி அசையவில்லை. ஜமீன்தாருக்குப் பொறுமை போயிற்று. "குடிக்கலாம்னு தட்டித் தொலைடா!"

பிச்சாண்டி மெல்ல எழுந்தான். "ஊருணித் தண்ணியைக் குடிக்கலாம்! ஜமீன் உத்தரவு!"

பெண்கள் குடங்களோடு ஓடினார்கள்.

"டேய், உனக்கு மட்டும்னு சொல்லுடா!"

பிச்சாண்டி வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடிக்கவும் அவன் அவசரப்படவில்லை.