பதினொன்றில் நின்ற முள்

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பணம். ஏரி வெட்டுகிறவனும் அரசாளுகிறவனும் ஒரே நாட்டில் இருந்த ஒரு காலத்தில், மகிபாலன் என்ற அரசன் ஏரிக்கரை கட்டியவர்களுக்குத் தராமல் வைத்திருந்த கூலி அது. நூற்றறுபத்தாறு பேர், இருபத்தாறு நாள், நாளைக்கு ஒரு பணம்.

கஜானாவில் பணம் இல்லாமலில்லை. அரசனுக்குக் கடிகாரப் பித்து. கப்பலில் வந்த வியாபாரி ஒருவன், "அரசே, இந்தத் தங்கக் கடிகாரம் காசு கொடுத்தால் மட்டும் கிடைத்துவிடாது. முதலில் என்னிடம் முப்பத்தொன்பது சாதாரணக் கடிகாரங்கள் வாங்க வேண்டும். அப்புறம்தான் பெயரையே எழுதிக்கொள்வேன். பிறகு காத்திருக்க வேண்டும்" என்றான். வேறு எவன் இப்படிச் சொல்லியிருந்தாலும் தலை உருண்டிருக்கும். அரசனோ மூன்று வருடம் காத்திருந்து, ஒன்பதாயிரம் பணம் கொட்டி அதை வாங்கினான். காத்திருந்ததையே பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தான்.

அந்தக் கடிகாரத்தின் சாவித் திருகில் வியாபாரியின் அரக்கு முத்திரை இருந்தது. அதை உடைத்தால் விலை பாதியாகிவிடுமாம். ஆகவே யாரும் சாவி கொடுக்கவில்லை. முள் பதினொன்றிலேயே நின்றது. தினமும் பட்டு மெத்தையில் வைத்து அதைச் சபைக்குத் தூக்கிவந்தார்கள். மந்திரிமாரும் ஆளுக்கொன்று வாங்கிக் கட்டி, அது வெளியே தெரிய வேண்டுமென்று இடது கைச் சட்டையை மட்டும் குட்டையாகத் தைத்துக்கொண்டார்கள்.

சபையில் இருளப்பன் என்று ஒரு விகடன். அரண்மனைக்கு வருமுன் மண் சுமந்தவன். கூடை அழுத்திய உச்சந்தலையில் இன்னும் முடி முளைக்கவில்லை. ஒருநாள் அவன் கேட்டான்: "நாற்பது கடிகாரம் எதற்கு அரசே? கை இரண்டுதானே?"

"பக்கத்து நாட்டானிடம் முப்பத்தெட்டு இருக்கிறதே!"

"அவரிடம் ஏன் முப்பத்தெட்டு?"

"என்னிடம் முப்பத்தேழு இருந்தபோது வாங்கினான்."

இருளப்பன் சிரிக்கவில்லை. ஏரிக்கரை ஆட்களிடமும் ஒரு கடிகாரம் உண்டென்று அவனுக்குத் தெரியும். கங்காணி பொழுது சாய்ந்தும் மண்வெட்டியைக் கீழே வைக்க விடாததால், ஆளுக்குக் கால் பணம் போட்டுச் சந்தையில் நாற்பது பணத்துக்கு வாங்கிய பித்தளைக் கடிகாரம். மிச்சம் ஒன்றரைப் பணத்துக்கு வெற்றிலை வாங்கி எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவியாயிருந்த ஒச்சாயி அதற்குத் தினமும் சாவி கொடுத்து இடுப்பில் முடிந்துகொள்வாள்.

வேலை முடிந்த மறுநாள் உச்சிமணிக்குக் கூலி என்பது பேச்சு. கஜானா அதிகாரி விசயரங்கர் தினமும் "நாளை" என்றார். முப்பத்தைந்தாவது நாள் ஒச்சாயி சபைக்குள்ளேயே வந்து கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருங்க சாமி, உச்சி ஆயிடுச்சு. எத்தனை உச்சிதான் போறது? புள்ளைங்க கஞ்சித் தண்ணிக்கு அழுவுதுங்க."

விசயரங்கர் மூக்கைச் சுளித்தார். "நாற்பது பணத்துப் பித்தளை நேரம் சொல்லுமாம், நாம் கேட்க வேண்டுமாம்! அரசே, தங்கள் கடிகாரம் காட்டுவதே இனி நாடு முழுவதற்கும் நேரம் என்று ஆணையிடுங்கள். அதில் மணி பதினொன்று. உச்சி வரட்டும், கூலி தருவோம்."

அரசனுக்கு அது பிடித்துப்போனது. விசயரங்கர் அதோடு விடவில்லை. "மணி அடிக்கும் வேலையை இருளப்பனுக்கே கொடுங்கள். இவர்கள் அவன் ஆட்கள்தானே? இன்னும் நேரமாகவில்லை என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். நேரம் தப்பி அடித்தால் தலையை வாங்குங்கள்."

ஒச்சாயி இருளப்பனைப் பார்த்தாள். "நீயுமாடா தம்பி?" என்றாள். அவனால் நிமிர முடியவில்லை.

மறுநாள் காலை சபை கூடியது. அந்த அரண்மனையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உச்சிமணி அடிக்காமல் சபை கலையாது, அடுப்பிலிருந்து சோறு இறங்காது, அரசனே ஆனாலும் ஆசனத்தை விட்டு எழக்கூடாது. இருளப்பன் மணிக்குக் கீழே நின்றான். எதிரில் பட்டு மெத்தை, அதன்மேல் தங்கக் கடிகாரம்.

வெயில் உச்சிக்கு வந்தது, போனது. சமையற்கட்டிலிருந்து நெய் வாசனை வந்தது. கிழட்டு மந்திரி ஒருவர் ஒன்றுக்குப் போக முடியாமல் தொடையை இடுக்கிக்கொண்டு நெளிந்தார்.

"இருளப்பா, மணியை அடி" என்றான் அரசன்.

"பதினொன்றுதான் அரசே. அடித்தால் தலை போய்விடும்."

"அந்த ஆணை கூலிக்காரர்களுக்கடா!" என்று விசயரங்கர் பல்லைக் கடித்தார்.

"நாடு முழுவதற்கும் என்றீர்களே. அரண்மனை எந்த நாட்டில் இருக்கிறது?"

"சரி, வாசலில் நிற்பவளின் பித்தளையைப் பார்த்தாவது அடி" என்றான் அரசன்.

"நாற்பது பணத்துப் பொருளை நம்பி ஒன்பதாயிரத்தை அவமதிப்பதா? ஆணையை ரத்துசெய்யுங்கள், அடிக்கிறேன். அரசர் சொல் ஒரு நாள்கூட நிற்கவில்லை என்று பக்கத்து நாட்டு அரசர் சிரிப்பார், அவ்வளவுதான்."

அரசன் முகம் கறுத்தது. கொஞ்ச நேரம் பசியோடு மல்லுக்கட்டினான். பிறகு கையை நீட்டி, அரக்கு முத்திரையைத் தானே உடைத்துச் சாவி கொடுத்தான். அந்தச் சத்தத்தில் மந்திரிமார் பிணம் விழுந்ததுபோல முனகினார்கள்.

"முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவிடலாமே" என்றார் விசயரங்கர்.

"தள்ளலாம் என்றால் குடிகளும் தள்ளுவார்கள் ஐயா. வரி கட்டும் நாளை எங்கே தள்ளுவார்களோ!" என்றான் இருளப்பன்.

ஆகவே முள் தானாக நடந்தது. நாற்பது கடிகாரம் வைத்திருந்த அரசன், ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் பார்த்தான். ஒச்சாயியின் கடிகாரப்படி அது ஒன்றேகால் மணி நேரம்.

முள் பன்னிரண்டைத் தொட்டது. இருளப்பன் மணியை அடித்த அடியில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. "உச்சி வந்துவிட்டது அரசே. கூலி!"

அரசன் விழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "கொடுத்துத் தொலையுங்கள்!" என்று கஜானாவைத் திறக்கச் சொல்லி, முத்திரை போன கடிகாரத்தை இருளப்பனுக்குப் பரிசாக வீசினான். சாப்பாட்டுக்கு உட்காருமுன்பே வியாபாரிக்கு ஆள் அனுப்பி, இன்னொன்றுக்கு வரிசையில் பெயரைப் பதிந்துகொண்டான்.

நூற்றறுபத்தாறு பங்கு பிரித்தார்கள். காத்திருந்த நாட்களில் செத்துப்போன இரண்டு பேருடையதை அவர்கள் பெண்டாட்டிகள் வாங்கிக்கொண்டார்கள்.

ஒச்சாயி எண்ணி முடித்து, இருளப்பனிடம் வந்தாள். "கூலி சரியா இருக்குடா தம்பி. வாசல்ல நின்ன முப்பத்தாறு நாளுக்கு யாருகிட்டக் கேக்கறது?"



உள்ளே கணக்கர் ஓலையை எடுத்து, "பாக்கி இல்லை" என்று எழுதிக் கட்டிவைத்தார்.