எதிர்மனுதாரருக்கு நகல் இல்லை

“என் பெண்டாட்டி தினமும் விடியக்காலம் ஆண்டவர்ட்ட என்னைப் பத்தி என்னமோ சொல்லுதா. என்னன்னுதான் தெரியலை.”

வக்கீல் வேதமாணிக்கம் இதைச் சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். விழ வழியில்லை. ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் வீட்டுக்குப் போயாகிவிட்டது. முன்பு மாவு மில்லாக இருந்த கொட்டகை அது. தகரக் கூரையில் வெயில் சடசடத்தது.

பாஸ்டர் எப்சிபா பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். பாஸ்டரின் மனைவி என்று நினைத்துவிட வேண்டாம். பாஸ்டரே அவர்தான். வேதாகமக் கல்லூரியில் பாடமும் நடத்துகிறார். வயது நாற்பதுக்குள்.

அறுபதைத் தாண்டிய வக்கீலிடம் ஒரு நாற்காலியை நீட்டினார். உட்காரச் சொல்கிறாராக்கும் என்று வக்கீல் அதைத் தரையில் போட்டார்.

“அடுக்குங்க, பிரதர்.”

பாளையங்கோட்டையில் அவரை ‘வக்கீலய்யா’ என்று கூப்பிடாத ஒரே ஆள் இந்தப் பாஸ்டரம்மாதான். போகட்டும், காரியம் ஆக வேண்டுமே. அடுக்கினார்.

“எந்தப் பாஷையில சொல்றாங்க?”

“அந்நிய பாஷையில. எல்லாம் உங்க சபைக்கு வந்த பிறகு பிடிச்ச வினைதான்.”

ரஞ்சிதம் பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. கோயிலில் வளர்ந்தவள். முழங்கால் வலிக்கு ஜெபிக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை இந்த அல்லேலூயா சபைக்கு வந்தாள். முழங்கால் வலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ரஞ்சிதம்தான் மாறிப்போனாள். கம்மலைக் கழற்றி பீரோவில் வைத்தாள். வெள்ளைச் சேலைக்கு மாறினாள். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றாள். அன்றிலிருந்து விடியக்காலம் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆவியானவர் தருகிற அந்நிய பாஷையில் மடை திறந்தாற்போல் பேசுகிறாள். ஒரு சொல் புரிய வேண்டுமே!

கதவுக்கு இந்தப் பக்கம் வக்கீல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நடுவில் ‘வேதமாணிக்கம்’ என்று ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். பெயர் வராது. பெருமூச்சு வரும். ஒவ்வொரு பெருமூச்சும் தன்னைப் பற்றியதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

“எதிர்மனுதாரருக்கு நகல் குடுக்காம மனு போடுதா, பாஸ்டரம்மா. எந்தக் கோர்ட்ல இது செல்லும்? நான் எப்படிப் பதில் மனு போட?”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்லுத வரம்னு ஒண்ணு இருக்காமே. அதை எனக்கு வாங்கிக் குடுங்க.”

எப்சிபா அடுக்குவதை நிறுத்தினார்.

“உங்க சி.எஸ்.ஐ. கோயில் ஐயர்ட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். அந்த வரமெல்லாம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால, அப்போஸ்தலர் காலத்தோட நின்னுபோச்சுன்னுட்டாரு.”

“நீங்க என்ன நினைக்கீங்க?”

“நானும் அதையேதான் நினைக்கேன். நின்னுபோச்சு.”

“நின்னுபோன பஸ்ஸுக்கு ஏன் பிரதர் ஸ்டாப்புல நிக்கீங்க?”

வக்கீலுக்குச் சுருக்கென்றது. கோர்ட்டில் நாற்பது வருஷம் மடக்கிப் பேசிப் பழகினவர், மாவு மில்லில் மடங்குவாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இங்க பாருங்க. லத்தீன்ல பூசை வச்சா ஜனங்களுக்குப் புரியலைன்னுதான நம்ம முன்னோர் கத்தோலிக்க சபையைவிட்டுப் பிரிஞ்சு வந்தாங்க? அவனவன் தாய்ப்பாஷையில கும்பிடணும்னு எத்தனை பேரு உயிரைக் குடுத்திருக்கான்! இப்ப அந்த லத்தீனாவது பரவாயில்லை, அகராதி உண்டுங்கிற மாதிரி ஆக்கிட்டியளே. புரியாத ஜெபத்துக்கு ஒருத்தன் எப்படி ஆமென் சொல்லுவான்? வேதத்துல பவுலே கேட்டிருக்காருல்லா?”

“கேட்டிருக்காரு. நல்ல கேள்வி.”

“பதில்?”

எப்சிபா இன்னொரு நாற்காலியை நீட்டினார்.

வக்கீல் வாங்கி அடுக்கினார். பதில் வரவில்லை. வேறு கேள்வி வந்தது.

“உங்க கோயில்ல எல்லாமே தமிழ்லதான நடக்கு?”

“சுத்தத் தமிழ்ல.”

“போன ஞாயித்துக்கிழமை ஐயர் என்ன பிரசங்கம் பண்ணாரு?”

வக்கீல் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“உங்க சபையில மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்குமாக்கும்?”

“இருக்காது. உங்க ஆளுங்க சத்தமில்லாம மறப்பாங்க. எங்க ஆளுங்க கை தட்டி மறப்பாங்க.”

சிரிப்பு வந்தது வக்கீலுக்கு. அடக்கிக்கொண்டார். எதிர்க்கட்சி வக்கீலின் ஜோக்குக்குச் சிரித்தால் கேஸ் போயிற்று.

“சரி, அதை விடுங்க. அந்நிய பாஷைதான் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம்னு சொல்லுதிய. ஒத்தைச் சாட்சியை வச்சு எந்த ஜட்ஜய்யா தீர்ப்பு எழுதுவாரு? நாங்க கனியைத்தான் பாப்போம். அன்பு, பொறுமை, சாந்தம். ஒருத்தனுக்குள்ள ஆவியானவர் இருக்காரா இல்லையான்னு அதுலதான் தெரியும்.”

“அருமை. லுத்தரன் சபை ஆளுங்க எங்க காலேஜுக்கு வந்தப்போ இதையேதான் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் பேசி, நானும் சரின்னுட்டேன்.”

“சரின்னுட்டியளா?” வக்கீலுக்கு ஏமாற்றமாகிவிட்டது. எதிராளி இப்படிப் பொசுக்கென்று ஒத்துக்கொண்டால் அப்புறம் என்ன வாதம் செய்வது?

“ஆமா. அப்போ உங்க அன்பு, பொறுமை, சாந்தத்துக்குச் சாட்சி யாரு? சிஸ்டர் ரஞ்சிதத்தைக் கூப்பிட்டு விசாரிப்போமா?”

“ஐயையோ, வேண்டாம் வேண்டாம்!”

மிச்சமிருந்த நாற்காலிகளை வக்கீல் யாரும் சொல்லாமலே மடமடவென்று அடுக்கினார்.

அடுக்கி முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். வாதமெல்லாம் வடிந்துபோய்விட்டது. குரல் கொஞ்சம் இறங்கிற்று.

“பாஸ்டரம்மா, உள்ளதைச் சொல்லுதேன். எங்கிட்ட அவ ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுதா. அவர்ட்ட ஒரு மணி நேரம் பேசுதா. எனக்குப் பொறுக்கலை. பயமாவும் இருக்கு. என்னைப் பிடிக்காமப் போச்சோ?”

எப்சிபா அவருக்கு எதிரே வந்து நின்றார்.

“வரம் கேக்கலாம். ஆனா சுலபமான பாஷையில ஆரம்பிக்கணும். இன்னைக்குக் காலையில சிஸ்டர் உங்ககிட்ட தமிழ்ல என்ன சொன்னாங்க?”

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“சாப்பிட வாங்கன்னு சொல்லியிருப்பா.”

“சொல்லியிருப்பாங்களா, சொன்னாங்களா?”

“சொல்லியிருப்பா.”

“ஊகம். கோர்ட்ல நிக்குமா, பிரதர்?”

“நிக்காது.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. அவங்க தமிழ்ல சொன்னதைக் கூட்டாம குறைக்காம கொண்டு வரணும். அர்த்தத்தோட.”

பூ, இவ்வளவுதானா என்று வக்கீல் வீட்டுக்குப் போனார்.

மறுவாரம் மிடுக்காகத்தான் வந்தார்.

“‘இந்த ஃபேன் சத்தம் போடுது’ன்னு சொன்னா.”

“அர்த்தம்?”

“ஃபேன் சத்தம் போடுது.”

எப்சிபா நாற்காலியை நீட்டினார். அடுக்கினார்.

“‘எதிர்வீட்டு ஜாய்ஸ் மக ஊருக்குப் போறப்போ அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுதா’ன்னு சொன்னா.”

“அர்த்தம்?”

“எதிர்வீட்டுல அழுதாங்க.”

இன்னொரு நாற்காலி. வக்கீலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருடைய சொந்த மகள் கனடாவில் இருக்கிறாள். வந்து மூன்று கிறிஸ்மஸ் ஆயிற்று. அது நாற்காலியைத் தூக்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தூக்கினபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார்.

“அடுத்தது?”

“‘நீங்க சாப்பிட்டாச்சுன்னா நான் சாப்பிடுவேன்’னு சொன்னா.”

“அர்த்தம்?”

“அர்த்தம் என்ன அர்த்தம், நான் சாப்பிட்டா அவ...”

நின்றுவிட்டார். நாற்காலி வரவில்லை.

அவள் அதைச் சொன்ன அன்றைக்கு அவர் கட்சிக்காரர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்.

“அதுவரைக்கும் அவ சாப்பிடலியா?” என்றார் மெதுவாக.

“யார்ட்ட கேக்கீங்க?”

எப்சிபா வாசலைக் காட்டினார்.

அதற்கடுத்த வாரம் வக்கீல் வந்தபோது கொட்டகைக்குள் ரஞ்சிதத்தின் குரல் கேட்டது. பழக்கதோஷம், கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். வேட்டியைப் பிடித்துக்கொண்டார். காதைத் தீட்டினார்.

ஆகா, தமிழ்!

“பாஸ்டரம்மா, எங்க வீட்டுக்காரருக்காக நீங்க ஜெபிக்கணும். அவருக்கு என்னமோ ஆயிட்டு.”

“என்ன செய்யுது?”

“நான் பேசினா கேக்காரு.”

பாஸ்டரம்மா இருமினார். இருமலா அது என்று வக்கீலுக்குச் சந்தேகம்.

“எப்போலேருந்து?”

“ரெண்டு வாரமா. பேப்பரை மடிச்சு வச்சிட்டுக் கேக்காரு. சொன்னதைத் திருப்பி வேற சொல்லிப் பாக்காரு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. ஃபேனுக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு. அதைப் பத்தி நான் சொல்ல ஆரம்பிச்சது போன வருஷம்! நேத்து, ‘மகளுக்கு ஒரு போன் போடுவோமாட்டி’ங்காரு. நான் சாப்பிட்டேனான்னு கேக்காரு. எனக்குக் கைகாலெல்லாம் ஆடிப்போச்சு. டாக்டர் ஏதும் சொல்லி, எங்கிட்ட மறைக்காரோ? இல்ல, ஏதாவது ஆவி கீவி பிடிச்சிருக்குமோ?”

“இருக்கும். எந்த ஆவின்னு சோதிச்சுப் பாப்போம், சிஸ்டர். முழங்கால் போட வேண்டாம், நாற்காலியிலயே உக்காருங்க.”

என்ன சொல்லி ஜெபிக்கப் போகிறார்கள் என்று வக்கீல் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார். கடைசியில் இன்றைக்குத்தான் நகல் கிடைக்கப்போகிறது!

இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த நிமிஷம் இருவரும் சேர்ந்து அந்நிய பாஷையில் பிடித்தார்களே ஒரு பிடி!

போச்சுடா என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடியக்காலம் அடுக்களையில் மடை திறந்தது. வக்கீல் எழுந்து போனார். வழக்கமான இடத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்க வெட்கமாக இருந்தது. நேராக உள்ளே போய், ரஞ்சிதத்தின் முக்காலிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

ரஞ்சிதம் ஒரு கண்ணைத் திறந்தாள்.

“காப்பி வேணுமா?”

“வேண்டாம். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

கொலைகாரனைக் கூண்டில் நிறுத்தி அதட்டின குரல். இப்போது கெஞ்சியது.

“அந்தப் பாஷையில என்னைப் பத்தி ஆண்டவர்ட்ட என்னட்டி சொல்லுத?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்கே தெரியாதா?”

“ஆவியானவரு பேசுதாரு. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. பேசி முடிச்சா நெஞ்சுல பாரம் எறங்கினாப்ல இருக்கும். அவ்வளவுதான். இதைக் கேக்கவா இத்தனை நாளா கதவுக்குப் பின்னால நின்னிய?”

“நிக்கிறது தெரியுமா உனக்கு?”

“வேட்டி தெரியும்லா.”

வக்கீல் வேட்டியைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் கேஸ் இன்னும் முடியவில்லை. கேட்டுவிட வேண்டும்.

“அப்போ என் மேல ஆண்டவர்ட்ட குறை எதுவும் சொல்லலியா?”

“உங்க மேல உள்ள குறையைச் சொல்ல எதுக்குங்க அந்நிய பாஷை? அதை நான் நல்ல தமிழ்லயே தினமும் சொல்லிட்டுத்தான இருக்கேன்.”

“யார்ட்ட?”

ரஞ்சிதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்கட்டதான்.”

பதில் மனு ஒன்று வக்கீலுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டார்.

“ஆமென்” என்றார்.