புரியாத திரையில் ஒரு சொல்

"நல்லது செஞ்சா அது நம்ம தலையிலதான் விடியுமா, அம்மா?"

மொச்சை உரித்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி அம்மா நிமிர்ந்து பார்த்தார். மலையடிவார ஆசிரமத்தின் குரு அவர். கேட்ட பொன்னம்பலம், ரயில்வேயில் ஓய்வுபெற்று வந்து சேர்ந்த சீடர். அம்மாவுக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும்.

"என்ன ஆச்சு ஐயா?"

"ஜார்ஜியாவுலேர்ந்து வந்தாங்களே கெத்தேவான்னு ஒரு பொண்ணு, அவங்க வீட்டுக்குக் கடுதாசி எழுதணும்னாங்க. பாவமேன்னு ஆபீஸ் கம்ப்யூட்டரை அவங்க பாஷைக்கு மாத்திக் கொடுத்தேன்."

"நல்ல காரியம்."

"அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. பாஷை போகலை. திரை முழுக்க ஜிலேபி பிழிஞ்சு வெச்சிருக்கு."

"நம்ம எழுத்தைப் பார்த்து அவங்க என்ன பலகாரம்னு நினைச்சாங்களோ."

பொன்னம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டேன் அம்மா. நேத்து என் மகள் கூப்பிட்டா."

அம்மாவின் கை நின்றது. வீட்டை விட்டு ஆசிரமத்துக்கு வந்த அப்பாவோடு அந்தப் பெண் நான்கு வருடமாகப் பேசவில்லை. செல்போன் வைத்துக்கொள்ளாத ஆசிரமத்தில், அவள் முகம் பார்க்க அந்த ஒரு கணினிதான்.

"திரையில அந்த ஜிலேபி எழுத்துல ஏதோ கேள்வி வந்துச்சு. பதறிப்போய் எதையோ அழுத்தினேன். நின்னுபோச்சு. அப்பாவே வெட்டிட்டாருன்னு நினைச்சிருப்பா. சாயங்காலம் கூப்பிட்டாலும் கூப்பிடுவா. இனிமே எந்த விருந்தாளி வந்தாலும் மாத்தித் தர மாட்டேன்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆபீஸ் அறைக்குப் போய், நாற்காலியில் அவரையே உட்கார வைத்தார்.

"போன வழியில திரும்பி வாங்க."

"படிக்க முடியலையே அம்மா."

"அன்னிக்கு ஒவ்வொண்ணையும் படிச்சுப் பார்த்தா போனீங்க?"

இல்லைதான். கை அது பாட்டுக்குப் போயிற்று. பொன்னம்பலம் கண்ணை மூடி யோசித்தார். பல்சக்கரப் படம். அப்புறம் கடிகாரமும் ஓர் எழுத்தும் சேர்ந்த படம். அப்புறம் மேலேயே ஒரு பெட்டி.

அழுத்தினார். மொழிகளின் வரிசை விரிந்தது. தெரியாத எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு விதம். கீழே இறங்கினார். இன்னும் இறங்கினார்.

தமிழ்.

அவர் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன ஐயா?"

"தமிழ்னு தமிழ்லயே எழுதியிருக்கு."

"ம்."

"ஒவ்வொரு பாஷையும் அதோட எழுத்துலயே இருக்கு. யாரும்மா இப்படி எழுதி வெச்சாங்க?"

"வழி தெரியாம ஒருத்தர் இங்க வந்து நிப்பார்னு நினைச்ச யாரோ."

இதே வரிசையில் தன் மொழியைப் பார்த்ததும்தான் கெத்தேவான் அன்று நெஞ்சில் கை வைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. தனக்குத்தான் நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்று தலையாட்டியிருந்தார். இப்போது வெட்கமாக இருந்தது. முகம் தெரியாத அந்த யாரோ ஒருவரை நினைத்துக் கண் கலங்கியது.

சாயங்காலம், தமிழுக்குத் திரும்பியிருந்த கணினியில் அழைப்பு மணி அடித்தது. 'ஏற்கவும்' என்று இருந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தினார்.

"நேத்து ஏம்ப்பா வெச்சிட்டீங்க?"

"படிக்கத் தெரியலைம்மா."

வெகுநேரம் பேசினார்கள்.

அடுத்த வாரம் எத்தியோப்பியாவிலிருந்து ஒருவர் வந்தார். அம்மா அவரை எதிரில் வைத்துக்கொண்டே பொன்னம்பலத்திடம் கேட்டார்.

"இவர் வீட்டுக்கு எழுதணுமாம். நீங்கதான் மாத்தித் தர மாட்டீங்களே ஐயா?"

பொன்னம்பலம் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போய், தன் நாற்காலியில் உட்கார வைத்தார். பல்சக்கரத்தை அழுத்தினார். கடிகாரத்தை அழுத்தினார்.

வரிசை விரிந்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.