கடைசியில் நிற்கும் மாடு

காட்டோரத்து ஏரிக்கரையில் சடைச்சி என்ற மந்தி ஒரு பால்பண்ணை நடத்திவந்தது. பஞ்சத்தில் மனிதர்கள் கைவிட்டுப் போன மாடுகள் அங்கே வந்து தங்கியிருந்தன. அந்தக் காட்டில் கறக்கத் தெரிந்த கை சடைச்சிக்கு மட்டும்தான் இருந்தது. கன்றுகள் குடித்தது போக மிச்சத்தைச் சுரைக்குடுக்கையில் கறந்து, தாயில்லாத குட்டிகளுக்கு ஊற்றும்.

பண்ணை ஒழுங்காகத்தான் நடந்தது. விடியலில் சடைச்சி ஏரியில் கை கழுவும். ஒவ்வொரு மாட்டின் முதல் பீச்சலையும் பக்கத்திலிருந்த கரும்பாறையின் மேல் விடும். பால் வழிந்து ஓடினால் நல்ல பால். திரிதிரியாக நின்றால் மடிநோய். நோய் கண்ட மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும். இல்லாவிட்டால் கறக்கிற கையே நோயை அடுத்த மடிக்குக் கொண்டுபோய்விடும். இதெல்லாம் சடைச்சிக்குத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கறந்து முடிந்ததும் மாடுகள் காத்திருக்காமல் மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும். முன்னால் கறந்தவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து போகும். கடைசி மாடு மட்டும் புதர்க்காட்டைத் தனியாகக் கடக்க வேண்டும். அந்தப் புதர்க்காட்டில் ஒரு சிறுத்தை இருந்தது. போன மழைக்காலத்தில் மடிநோய் வந்து கடைசிக்குப் போன காரி என்ற பசு, சாயங்காலம் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மந்தையில் மூத்தது மயிலை. தினமும் முதலில் கறப்பது அதைத்தான்.

ஒருநாள் சடைச்சி முதல் பீச்சலைப் பாறைப் பக்கம் திருப்பியபோது, மயிலை காலை மாற்றி வைத்து மறித்தது.

“ஏண்டி, எம் பாலையும் பாறையில ஊத்திப் பாக்கணுமா?”

“எல்லாருக்கும் பாக்குறதுதானே பெரியம்மா.”

“எல்லாரும் நானும் ஒண்ணா? நீ கறக்கப் பழகினதே எம் மடியிலதான். அன்னிக்கு உன் நகம் கீறினதுக்கு ஒரு உதை விட்டிருந்தேன்னா, இன்னிக்கு உனக்கு ஏதுடி பண்ணை?”

வரிசையில் நின்ற மாடுகள் சிரித்தன. சடைச்சியும் சிரித்தபடி, பாறையை விட்டுவிட்டு நேரே குடுக்கையில் கறந்தது. பின்காம்பு ஒன்று கைக்குச் சூடாகப் பட்டது. மடியின் அந்தப் பக்கம் மண்கட்டி போல இறுகியிருந்தது. சடைச்சி அண்ணாந்து பார்த்தது. மயிலை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் பட்ட சூடாக இருக்கும் என்று சடைச்சி தனக்குள் சொல்லிக்கொண்டது. வெயில் இன்னும் வந்திருக்கவில்லை.

மான்குட்டி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “உப்புக் கரிக்குது.”

“ஏரிக்கரைப் புல்லு அப்படி” என்றது சடைச்சி.

மயிலைக்கு அடுத்து நிற்பது செவலை. தலைச்சன் கன்று ஈன்ற இளம் பசு. சில நாள் கழித்து, பால் குடிக்க வந்த கன்றைச் செவலை உதைத்துத் தள்ளியது. கன்று திகைத்துப்போய்க் கத்தியது. சடைச்சி ஓடிவந்து பாறையில் கறந்து பார்த்தது. பால் திரிதிரியாக நின்றது.

“என்னைக் கடைசிக்கு அனுப்பிடாதே அக்கா” என்றது செவலை. “எங் கன்னு என்னோடதான் வரும். அதுக்கு இன்னும் ஓடத் தெரியாது.”

சடைச்சி மயிலையிடம் போயிற்று. “பெரியம்மா, உங்க மடியில இருந்ததை எங் கை அவளுக்குக் கொண்டுபோயிருக்கு.”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

மயிலை அசைபோடுவதை நிறுத்தியது. “காரி சொன்னா. அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. நீ அவளைக் கடைசியில நிறுத்திக் கறந்தே. ‘போயிட்டு வா’ன்னு முதுகுல தட்டி அனுப்பினே. அப்புறம் மரத்துல ஏறிக்கிட்டே. நான் சொல்லியிருந்தா என்னையும் அப்படித்தானே தட்டி அனுப்பியிருப்பே?”

சடைச்சி தன் கைகளைப் பார்த்துக்கொண்டது. அப்படித்தான் அனுப்பியிருக்கும்.

அன்று முழுதும் சடைச்சி புல் பிடுங்கிக் குவித்தது. மறுநாள் முதலில் கறந்த மாடு மேய்ச்சலுக்குக் கிளம்பியபோது, வழியின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

“கடைசி மாட்டைக் கறந்து முடிக்கிறவரைக்கும் யாரும் போகக் கூடாது.”

“பனி காஞ்சா புல்லுல என்ன ருசி இருக்கும்?” என்று காளை முணுமுணுத்தது. “உன்னை யாரும் கறக்கப்போறதில்ல, உனக்கென்ன அவசரம்?” என்றது சடைச்சி. “அங்க புல்லு போட்டிருக்கேன். தின்னுக்கிட்டு நில்லு.”

நல்ல மடிகளை முதலில் கறந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் ஏரிக்குப் போய்க் கை கழுவியது. கடைசியாக மயிலையும் செவலையும் வந்து நின்றன. மயிலை தானாகவே காலை விலக்கி வழிவிட்டது. அதன் பால் பாறையில் விழுந்து திரிதிரியாக நின்றதை எல்லா மாடுகளும் பார்த்தன. யாரும் சிரிக்கவில்லை. கெட்ட பாலைச் சடைச்சி தள்ளிப் போய்க் குழியில் கொட்டி மூடியது. இரண்டு மடிக்கும் கற்றாழையும் காட்டுமஞ்சளும் அரைத்துப் பூசியது.

பிறகு எல்லாம் சேர்ந்து புதர்க்காட்டைக் கடந்தன. செவலையின் கன்று நடுவில் நடந்தது. காளை முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தது. சடைச்சி அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது. ஒரு புதர் அசைந்தது. அத்தனை கொம்புகளும் அந்தப் பக்கம் திரும்பின. அதற்குப் பிறகு புதர் அசையவில்லை.

மயிலையின் மடி குணமானது. செவலைக்கு ஒரு காம்பு அடைத்தது அடைத்ததுதான். கன்று மிச்ச மூன்றில் குடித்து வளர்ந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒரு விடியலில், சடைச்சி கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு மாடு வரிசையிலிருந்து விலகிப் பின்னால் போய் நின்றது.

“இடப்பக்கம் கொஞ்சம் கனமா இருக்கு. என்னைக் கடைசியில பாரு.”

மற்ற மாடுகள் அசைபோட்டபடி காத்திருந்தன.

நோயைச் சொன்னவரைத் தனியே அனுப்பிவிடும் பண்ணையில் நோய் ஒளிந்தே வளரும். கூட நடக்கத் துணை இருக்கும் இடத்தில்தான் அது தானாக வாய் திறக்கும்.