சுபிக்‌ஷாவுக்கு வந்த முட்டை

இதச் சொல்லி முடிச்சதும் உங்கள ஒரு கேள்வி கேப்பேன். அதனால நடுவுல எந்திரிச்சு அடுப்பப் பாக்கப் போயிராதீங்க. யாரு என்ன செஞ்சான்னு காதுல வாங்கிக்கோங்க.

எங்க ஊரு உப்பளத்த ஒட்டுன ஊரு. தண்ணி வாயில வைக்க முடியாது. என் மச்சினன் ஒருத்தன் வீம்புக்கு முருங்க நட்டான். அது குச்சியாவே நின்னுச்சு, கடைசியில துணி காயப்போட்டோம். அது கெடக்கட்டும். அந்த ஊருப் பால்வாடியில ஜெஸிந்தா டீச்சரும் உச்சிமா ஆயாவும் இருந்தாங்க. மாசாமாசம் பிள்ளைகளத் தொட்டில்ல போட்டுத் தராசுல தொங்கவிட்டு எடை பாப்பாங்க.

பூரணம்னு உப்பு வாருற பிள்ள ஒருத்தி. அவ ரெண்டாவது மகதான் சுபிக்‌ஷா. குறைவில்லாத வாழ்வுன்னு அந்தப் பேருக்கு அர்த்தமாம், பேரு குறிச்ச ஜோசியர் சொன்னாரு. பேரு வச்ச அப்பன் லாரியோட போனவன், போனவன்தான். மூணு வயசாகியும் அந்தப் பிள்ளையத் தராசுல போட்டா முள்ளு அசைய யோசிக்கும்.

ஒருநா சூப்பர்வைசர் அம்மா வந்தாங்க. "இந்தப் பிள்ளைக்குன்னு தனியாப் பணம் வந்திருக்கு. தெனமும் பாலும் முட்டையும் குடுங்க. மத்ததுகளும் ஒல்லிதான், ஆனா இது தாங்காது. மழைக்காலம் வாறதுக்குள்ள எடை ஏறலன்னா ஒரு காய்ச்சலுக்கே போயிரும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

மறுநா டீச்சர் அந்தப் பிள்ள முன்னால முட்டைய வச்சா. அம்புட்டுப் பிள்ளையும் திங்கிறத விட்டுட்டு இவ தட்டையே பாக்குது. எங்க ஊர்ல நாலு பிள்ள பாக்க ஒரு பிள்ளைக்கு ஊட்ட மாட்டாங்க. எங்க சின்னம்மை ஒரு கல்யாண வீட்டுல பேரனுக்கு மட்டும் ஜிலேபி குடுத்துட்டா. அவன் விடிய விடிய வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கத்துனான். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் குடுத்த பெறகுதான் தூங்குனான். சுபிக்‌ஷாவும் இந்த ஊருப் பிள்ளதான, முட்டையப் பக்கத்துப் பையன் தட்டுல வச்சிட்டா. டீச்சருக்கு மனசு கேக்கல. அன்னையிலருந்து முட்டைய எல்லார் சோத்துலயும் போட்டுப் பிசைஞ்சிருவா.

உச்சிமா சொன்னா, "டீச்சரம்மா, ஆளுக்கு ஒரு பொட்டு மஞ்சக்கரு வருது. இது யாரு ஒடம்புல ஒட்டும்?"

"மத்ததுக வாயப் பாத்துக்கிட்டு நிக்கையில என்னால முடியலக்கா."

"அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

மாசம் முடிஞ்சு எடை போட்டா முள்ளு நின்ன எடத்துலயே நிக்குது. அதுக்குப் பெறகு டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. மத்தியானம் பிள்ளைக படுத்ததும் உச்சிமா சுபிக்‌ஷாவ அடுப்படிக்குத் தூக்கிட்டுப் போயி, கதவச் சாத்திக்கிட்டு ஊட்டுவா. முள்ளு நகந்துச்சு. பிள்ள கன்னத்துல சதை வச்சுது, ஓடுச்சு, ஒருத்தனக் கடிச்சும் வச்சுது.

முட்ட வாசம் ஒளிச்சு வைக்கிற வாசமா? ஒருநா ஒரு பையன் முழிச்சு வந்து கதவுல கைய வச்சிருக்கான், உள்ளருந்து சாத்தையில விரலு நசுங்கிப்போச்சு. ஊரே வந்துட்டு. "எங்க பிள்ளைகள வெளிய விட்டுட்டு உள்ள யாருக்கு ஊட்டுத? பூரணம் உனக்குச் சொந்தமா?"ன்னு அவன் ஆத்தா கேட்டா.

"எனக்குச் சொந்தமா இருந்தா அந்தப் பிள்ள அப்பிடியா கெடந்திருக்கும்?"னா உச்சிமா. வாயி கொஞ்சம் கூடத்தான் அவளுக்கு. அந்த வாரமே அவள வேற ஊருக்கு மாத்திட்டாங்க.

டீச்சருக்குப் பயம் வந்துட்டு. சாயங்காலம் பூரணத்தக் கூப்பிட்டுப் பாலையும் முட்டையையும் கையிலயே குடுத்து விட்டா. பூரணத்தோட மூத்த மக பவித்ரா, ஒண்ணாங் கிளாஸ். ஆத்தா உப்பளத்துல கெடக்கையில தங்கச்சிய இடுப்புல வச்சுக்கிட்டு அலையுறவ அவதான். அவ எனக்கு வேணும்னு கேக்க மாட்டா. தங்கச்சி தின்ன தட்டக் கழுவாம விரலால வழிச்சு நக்குவா. அதப் பாத்துட்டுப் பூரணம் முட்டையப் பாதியாக்குனா. மழை வந்து உப்பளத்துல வேல நின்ன பெறகு, பல நாளு வீட்டுல அந்த முட்டைதான் சோறு. சின்னவளுக்கு ஏறுன எடை எறங்கிட்டு.

ஐப்பசியில சுபிக்‌ஷாவுக்கு வயித்தால போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு வாறதுக்குள்ள பிள்ள உசிரு போயிட்டு.

கேதத்துக்குச் சூப்பர்வைசர் அம்மாவும் வந்திருந்தாங்க. "அந்தப் பிள்ளைக்கு வந்தத யாரு தின்னா?"ன்னு கேட்டாங்க.

டீச்சர் சொன்னா, "எல்லாப் பிள்ளையும் பாத்துக்கிட்டே இருந்துச்சு மேடம்."

வெளியூர்லருந்து வந்திருந்த உச்சிமா சொன்னா, "நான் ஊட்டுனேன். ஊட்ட விடல."

பூரணம் பவித்ராவக் கைக்குள்ள பிடிச்சு வச்சுக்கிட்டுச் சொன்னா, "பாதிய இவளுக்குக் குடுத்தேன். இவளையும் நாந்தான பெத்தேன்."

இப்ப நீங்க சொல்லுங்க. எல்லாருக்கும் பிசைஞ்சு போட்டவ, கதவச் சாத்திக்கிட்டு ஒருத்திக்கு ஊட்டுனவ, ரெண்டாப் பிச்சுக் குடுத்தவ, இந்த மூணு பேர்ல யாரு செஞ்சது சரி?

எனக்குத் தோணுறதச் சொல்லுதேன். பூரணத்தக் குத்தம் சொல்ல எனக்கு வாயி வரல. ரெண்டு வயித்துக்கு அவ பொறுப்பு, மேல இருக்கவங்க கண்ணுல ஒரு வயிறுதான் பட்டுச்சு. டீச்சர் குடுத்ததுல எந்தப் பிள்ளையும் அழல, எந்தப் பிள்ளையும் தேறவும் இல்ல. அந்த முட்ட பிள்ளைக முகம் கோணாம இருக்கதுக்கு வரல, சாகக் கெடந்த ஒண்ணு சாகாம இருக்கதுக்கு வந்துச்சு. அதச் செஞ்சவ உச்சிமாதான். அவ செஞ்சதுதான் சரி. இந்த வருஷம் வேற ஒரு பிள்ளைக்கு அந்தப் பணம் வந்திருக்கு. புதுசா வந்த ஆயா எல்லார் சோத்துலயும் பிசைஞ்சுதான் போடுதா. ஊருக்குள்ள ஒரு சண்டை கெடையாது.